பன்னிரண்டு மணி வரை கோபுரத்தில்

நாங்கள் கலியாணம் எழுதிய இடம் ஒரு பழைய சிறை. சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். டோர்ட்மண்டில் இருக்கும் என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், இன்றைக்கும் கலியாண வீடுகளில் நாலு பேர் சேர்ந்தால் இதைத்தான் எடுத்து விடுவார். "கலியாணத்துக்குச் சரியான இடம் பாத்துக் கையெழுத்து வைச்சவன் இவன் ஒருத்தன்தான்" என்பார். நான் மறுத்துப் பேசுவதில்லை. அந்தச் சிறைக்கு நான் எவ்வளவு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன் என்பது அத்தானுக்குத் தெரியாது. தெரிந்தாலும் பகிடியை விடமாட்டார்.

ஜெர்மனியில், ஹனோவரிலிருந்து ரயிலில் கொஞ்சத் தூரம் போனால் வரும் சின்ன ஊர் எங்களுடையது. ஒரு காலத்தில் ஊரைச் சுற்றி மதில் இருந்திருக்கிறது. இப்போது அதில் ஒரு துண்டும், அந்தத் துண்டின் முனையில் ஒரு வட்டக் கோபுரமும்தான் மிச்சம். மற்றதையெல்லாம் ஊர்ச்சனம் கழற்றிக்கொண்டு போய் வீடு கட்டிவிட்டது. கோபுரம் தப்பியதற்குக் காரணம், உள்ளே கைதிகளை அடைத்து வைத்திருந்ததுதானாம். கைதிகள் போன பிறகு வெடிமருந்து வைத்தார்கள். அதற்குப் பிறகு தீயணைப்புப் படைக்காரர் தங்கள் தண்ணீர்க் குழாய்களை உள்ளே தொங்கவிட்டுக் காயப்போட்டார்கள். கடைசியில் நகரசபையில் யாருக்கோ நல்ல புத்தி வந்து, நடுத்தட்டைத் துப்புரவாக்கிச் சுண்ணாம்பு அடித்து, ஒரு நீள மேசையும் கதிரைகளும் போட்டு, கலியாணப் பதிவு அறையாக்கிவிட்டார்கள். இங்கத்தைச் சோடிகள் ஆசைப்பட்டு அங்கே எழுத வருவார்கள். எனக்கு அப்படியொரு ஆசை இருந்ததில்லை. நான் வேலை செய்யும் ரொட்டித் தொழிற்சாலைக்குப் போகிற வழியில் அது நின்றது. அதன் நிழலில் சைக்கிள் பாதை எப்போதும் ஈரமாக இருக்கும், வழுக்கும். கோபுரத்தோடு எனக்கிருந்த உறவு அவ்வளவுதான்.

என் மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது, சமாதான காலம் என்று சொன்ன காலம் முடிந்துகொண்டிருந்தபோது. அவள் கொழும்புக்கு வந்து விமானம் ஏறிக் கொஞ்ச நாளில் யாழ்ப்பாணத்துக்கான பாதையைப் பூட்டிவிட்டார்கள். இங்கே வந்து கலியாணம் எழுதுவதற்கென்று குறுகிய காலத்துக்குக் கொடுத்த விசா அது. எங்கள் ஆட்களுக்குத் தாலி கட்டினால்தான் கலியாணம். எழுத்து என்பது சட்டத்துக்காக வைக்கிற கையெழுத்து. ஆனால் ஜெர்மனியில் அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் அவள் திரும்பிப் போகவேண்டும். பாதை பூட்டியிருக்க, சண்டை தொடங்கியிருக்க, எங்கே திரும்பிப் போவது?

அதனால் நகரசபையில், விசா முடிய முன்னர் இருக்கிற கடைசி டெர்மின், அதாவது பதிவுக்கு ஒதுக்குகிற நேரம், வெள்ளிக்கிழமை பதினொரு மணி என்று சொன்னபோது எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவில்லை. அதுவும் வெள்ளிக்கிழமை! அம்மனுக்கு உகந்த நாள். டோர்ட்மண்டிலிருந்து வருகிறவர்கள் அவசரப்படாமல் ஆறுதலாக வந்து சேரலாம். உடனே தலையாட்டினேன். வெள்ளிக்கிழமை பதினொரு மணி என்றால் யாழ்ப்பாணத்தில் சின்னப்பிள்ளை கூட முகத்தைச் சுழிக்கும் என்பது என் மண்டைக்குள் வரவேயில்லை. இத்தனை வருடமாக என்னுடைய நேரமெல்லாம் வேலைக்குப் போகிற நேரமும் வேலை முடிகிற நேரமும்தான். ராகுகாலத்தை எப்போதோ மறந்து போயிருந்தேன்.

கலியாணத்துக்கு முன்னர் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது என்று அவளை அக்கா வீட்டில், டோர்ட்மண்டில், தங்க வைத்திருந்தோம். எழுத்து நாள் காலை, வான் வண்டியில் ஏறுவதற்கு முன்னர், அவள் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்துப் பார்த்திருக்கிறாள். அந்த நாட்களில் லைன் கிடைப்பது குதிரைக் கொம்பு. அன்றைக்கென்று கிடைத்துவிட்டது. எத்தனை மணிக்கு எழுத்து என்று தாயார் கேட்டிருக்கிறார். இவள் சொல்லியிருக்கிறாள்.

"வெள்ளிக்கிழமை பதினொண்டுக்கோ? ராகுகாலமெல்லோ பிள்ளை! பன்னிரண்டு தாண்டட்டும். அதுக்கு முன்னம் பேனையைத் தொட்டுப் போடாதை."

அதோடு லைன் அறுந்துவிட்டது.

வான் வந்து கோபுரத்தடியில் நின்றபோது நான் கோட்டும் சூட்டுமாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். கதவு திறந்து இறங்குகிறவளுக்கு முகமெல்லாம் வீங்கியிருக்கிறது. மாம்பழ நிறப் பட்டுச்சேலையின் மேல் அக்காவின் குளிர்க் கோட்டைப் போட்டிருந்தாள். என்ன நடந்தது என்று அக்கா சொல்லி முடிக்க முன்னரே எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறிவிட்டது.

"இஞ்சை வெள்ளிக்கிழமை பன்னிரண்டோடை நகரசபைக் கந்தோரெல்லாம் பூட்டிப்போடுவாங்கள். விளங்குதோ? இதை விட்டால் வேறை டெர்மின் இல்லை."

"எனக்கு ஏலாது" என்றாள்.

"ராகுவுக்கு ஜெர்மனிக்கு வர விசா இல்லை. பேசாமல் வாரும்."

நான் பகிடி விட்டதாகத்தான் நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா என் கையைப் பிடித்து மதிலோரம் இழுத்துக்கொண்டு போனாள். மாப்பிள்ளை முறுக்கைக் கொஞ்சம் மடித்து வைத்துவிட்டுக் கேள் என்றாள். பெண்ணின் தமக்கைக்கு, இடம்பெயர்ந்து போயிருந்த இடத்தில் அவசர அவசரமாக எழுத்து நடந்ததும், அந்த மாப்பிள்ளை சாமான் வாங்கச் சந்திக்குப் போய்த் திரும்பி வராததும் எனக்குத் தெரியும். யார் பிடித்தார்கள், எங்கே கொண்டு போனார்கள் என்று இன்றைக்கும் ஒரு தகவல் இல்லை. எனக்குத் தெரியாதது, அந்த எழுத்தும் ஒரு வெள்ளிக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு நடந்தது என்பது. "அந்தத் தாய் என்ன சும்மாவே சொல்லுது?" என்று அக்கா கேட்டாள். ஆனால் விசா விசாதானே. திரும்பிப் போய், "நடவும்" என்று மட்டும் சொன்னேன்.

பதிவு அறைக்கு வெளியிலிருந்து மரப்படி ஏறிப் போகவேண்டும். மேலே எங்களுக்காக இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். ஒருவர் பதிவாளர். குட்டையாக வெட்டிய நரை முடி, கழுத்தில் கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. மற்றவர் மொழிபெயர்க்க ஹனோவரிலிருந்து வந்த தமிழ் அக்கா. பெண்ணுக்கு ஜெர்மன் தெரியாது என்றால் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இல்லாமல் இங்கே எழுத்து நடக்காது. அந்த அக்கா மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர், கழுத்தில் சின்னச் சிலுவை. ராகுவும் கேதுவும் அவரிடம் எடுபடாது, அவர் இவளுக்கு நாலு புத்தி சொல்லுவார் என்று நான் உள்ளுக்குள் கொஞ்சம் தெம்பானேன்.

பதிவாளர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பெண் அழுதிருக்கிறாள், மாப்பிள்ளை கடுகடுவென்று நிற்கிறான், பின்னால் சொந்தக்காரர் எல்லாரும் ஒரே நேரத்தில் அவளுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் நான் பதிவாளராக இருந்திருந்தால் பொலிசையே கூப்பிட்டிருப்பேன். அவர் அமைதியாக, பெண்ணும் மொழிபெயர்ப்பாளரும் மட்டும் உள்ளே இருக்கட்டும், மற்றவர்கள் வெளியே நில்லுங்கள் என்றார்.

வெளியே மரப்படியில் நின்றேன். எனக்கு இப்போது ராகுவைப் பற்றிய கவலை போய்விட்டது. பதிவாளர் இதைக் கட்டாயக் கலியாணம் என்று நினைத்துவிட்டாரென்றால் அதோடு எல்லாம் முடிந்தது. எழுத்தும் இல்லை, விசாவும் இல்லை. அவள் அந்த நாட்டுக்குப் போய் இறங்குவது என் கண்ணுக்கு முன்னால் நின்றது. ஒக்டோபர் மாதக் குளிரில் கோட்டுப் பொத்தானைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக நின்றேன். அத்தான் கூட வாயை மூடிக்கொண்டு நின்றார் என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவு திறந்தது. பதிவாளர் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. தமிழ் அக்கா மழை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது" என்றார் பதிவாளர். "இந்தக் கோபுரத்தில் கலியாணம் எழுதுகிறவர்கள் முதலில் உச்சிக்கு ஏறி ஊரைப் பார்க்கவேண்டும். அதற்குப் பிறகுதான் கையெழுத்து."

வழக்கம் என்றால் செய்யத்தானே வேண்டும். ஊரோடு ஒத்துப்போக வேண்டும் என்று இத்தனை வருடமும் பழகியவன் நான். சரி என்று தலையாட்டினேன். முழங்கால் நோக்காடு என்று அக்காவும், அக்காவுக்குத் துணை என்று அத்தானும் கீழே நின்றுவிட்டார்கள். நாங்கள் நால்வரும் சுவருக்குள்ளே சுற்றிச் சுற்றிப் போகிற கல்படியில் ஏறினோம்.

அப்படி ஆறுதலாக ஒரு ஜெர்மன்காரர் படி ஏறி நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. ஒவ்வொரு அம்புத் துளையிலும் நின்றார். இதாலே எந்தப் பக்கத்து எதிரியை அடிப்பார்கள், இந்தத் துளை ஏன் உள்ளே அகலம் வெளியே ஒடுக்கம் என்று விளக்கினார். தமிழ் அக்கா ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னார். கைதிகள் இருந்த அறையில் நின்று, சுவர்ச் சாந்தில் யாரோ ஆணியால் கீறிய ஒரு கப்பலைக் காட்டினார். கடலே இல்லாத ஊரில் அவனுக்குக் கப்பல் எங்கிருந்து நினைவுக்கு வந்ததோ என்று ஆச்சரியப்பட்டார். நான் கள்ளமாக மணிக்கூட்டைப் பார்த்தேன். இவர் இப்படிக் கதை சொல்லிக்கொண்டிருக்கப் பன்னிரண்டாகிக் கந்தோர் பூட்டினால் என்ன செய்வது? இரண்டு தரம் இருமினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு முன்னால் அவள் ஒரு கையில் சேலைக் கொய்யகத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சுவரைத் தடவிக்கொண்டு ஏறினாள். ஒரு வளைவில் படி தேய்ந்து பள்ளமாக இருந்தது. கால் சறுக்கப் பார்த்தது. நான் முழங்கையைப் பிடித்தேன். கையை உதறிவிடுவாள் என்று நினைத்தேன். உதறவில்லை.

உச்சியில் காற்று அடித்தது. மழை விட்டிருந்தது. கீழே சிவப்பு ஓட்டுக் கூரைகள், தேவாலயம், ரயில் நிலையம், தூரத்தில் எங்கள் ரொட்டித் தொழிற்சாலையின் புகைபோக்கி. பதிவாளர் ஒவ்வொன்றாகக் காட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, அன்றைக்கு முதல் தரமாகச் சாதாரணக் குரலில் கேட்டாள்.

"எங்கடை வீடு எது?"

எங்கடை வீடு! தனிக்கட்டையாக நான் படுத்து எழும்புகிற ஓர் அறைக்கு அதுவரை ஒருவரும் அப்படிப் பெயர் வைத்ததில்லை. கையை நீட்டி, ரயில் நிலையத்துக்குப் பின்னால் அந்தச் சாம்பல் நிறக் கட்டடம், மேல்மாடி, யன்னலில் துவாய் காய்கிறது பாரும் என்றேன். காலையில் எடுத்து வைக்க மறந்த துவாய். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"துவாயை எடுக்கேல்லையே? மழையெல்லோ பெய்தது."

தேவாலய மணி பன்னிரண்டு அடிக்கத் தொடங்கியது. அடித்து முடிந்த பிறகும் மத்தியான மணி என்று கொஞ்ச நேரம் ஒலித்துக்கொண்டேயிருந்தது. அது ஓயும் வரைக்கும் பதிவாளர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஓய்ந்ததும், "இனி இறங்கலாம்" என்றார்.

கீழே மேசையில் அவள் பேனையை எடுத்தாள். வடிவான எழுத்தில், ஆறுதலாக, முழுப்பெயரையும் எழுதினாள். என் கையெழுத்துத்தான் கோணலாக விழுந்தது. அக்கா வான் வண்டியிலிருந்து பிளாஸ்கில் தேத்தண்ணியும் ஒரு பெட்டி மீன் ரோல்ஸும் கொண்டுவந்தாள். பதிவாளர் ஒன்று எடுத்துக் கடித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது, மூக்கைத் துடைத்துவிட்டு இன்னொன்று எடுத்தார். இவ்வளவு நல்ல மனுசி என்று அக்கா அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். தாலிகட்டு பிறகு டோர்ட்மண்டில், மண்டபம் எடுத்து, சொந்தக்காரர் சூழ நடந்தது. அதில் ஒரு குறையுமில்லை. ஆனால் எங்களுக்குக் கலியாணம் நடந்தது கோபுரத்தில்தான் என்று இருவருமே நினைத்துக்கொள்வோம்.

யாழ்ப்பாணத்துக்கு லைன் கிடைக்கப் பல நாள் ஆனது. "பன்னிரண்டுக்குப் பிறகுதானே?" என்பதுதான் தாயார் கேட்ட முதல் கேள்வி. "ஓமம்மா, மணி அடிச்சு முடியத்தான் வைச்சனான்" என்றாள். அந்தப் பக்கத்தில் அவர் அழுதது எனக்கும் கேட்டது. அன்றைக்குப் பிறகு நான் ராகுவைப் பற்றிப் பகிடி விட்டதில்லை.

பகிடி விட ஆசை வந்ததுண்டு. மகள் பிறந்த வருடம் டோர்ட்மண்ட் கடையில் தந்த தமிழ்க் கலண்டர் ஒன்றைக் குசினியில் அடுப்புக்கு மேலே கொழுவியிருந்தோம். ஐரோப்பாவுக்கென்றே கணித்த கலண்டர். அதன் பின்பக்கத்தில் ஒரு விளக்கம் போட்டிருந்தார்கள். ராகுகாலம் மணிக்கூட்டை வைத்துப் பார்ப்பதல்ல. சூரியன் எழுந்து விழும் வரைக்குமான பகலை எட்டாகப் பங்கு போட்டு, அதில் ஒரு பங்கு ராகுவுக்கு. ஊரில் ஆறுக்கு விடிந்து ஆறுக்குப் பொழுதுபடும், ஆகவே வெள்ளிக்கிழமையில் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. இங்கே ஒக்டோபரில் விடிவது எப்போது, பொழுதுபடுவது எப்போது? நான் தேத்தண்ணியைக் குடித்தபடி பங்கு போட்டுப் பார்த்தேன். பதினொரு மணிக்கு ராகு எங்கள் ஊர்ப் பக்கமே வரவில்லை. அவர் வந்தது பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முந்தித்தான். மணி அடித்து ஓய்ந்து நாங்கள் கையெழுத்து வைத்தபோது சாங்கோபாங்கமாக உட்கார்ந்திருந்திருக்கிறார்! அன்றைக்கு வேலைக்குப் போகிற வழியெல்லாம் சைக்கிளில் தனியே சிரித்துக்கொண்டு போனேன். அவளுக்குச் சொல்லவில்லை. நிம்மதியாக இருக்கிற பிள்ளையை எதற்குக் கிளறுவான்?

பிறகு ஒரு வசந்த காலத்தில், என்னோடு ரொட்டி அடுப்பில் வேலை செய்கிற ஒருவன் அதே கோபுரத்தில் கலியாணம் எழுதினான். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். நாங்கள் மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். அதே பதிவாளர், அதே கயிற்றுக் கண்ணாடி. எல்லாரும் கதிரையில் இருக்கத் தொடங்க, நான் மட்டும் பெரிய அனுபவசாலி போல மாப்பிள்ளையின் தோளைத் தட்டி, "முதலில் மேலே ஏற வேண்டும் அல்லவா?" என்றேன்.

"மேலேயா? எதற்கு?"

"ஊரைப் பார்க்க. உங்கள் ஊர் வழக்கம்."

அவன் தன் தாயைப் பார்த்தான். தாய் தன் தமக்கையைப் பார்த்தார். அப்படியொரு வழக்கத்தை அந்த ஊரில் ஒருவரும் கேள்விப்பட்டதேயில்லை. நான் கல்படிக்குப் பக்கத்தில் அசடு வழிந்துகொண்டு நிற்க, பதிவாளர் மேசைக்குப் பின்னாலிருந்து எங்களைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துகொண்டார் என்று விளங்கியது. முகம் சிவந்துபோய், கடதாசிகளை அடுக்கத் தொடங்கினார்.

எல்லாம் முடிந்து சனம் வெளியே போன பிறகு நாங்கள் அவரிடம் போனோம். நான் கேட்க முன்னரே அவரே சொன்னார்.

"உங்கள் மொழிபெயர்ப்பாளர் எனக்கு ஒன்றையும் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. இந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை மேல் பயமில்லை, பன்னிரண்டு மணிக்கு முந்திய நேரத்தின் மேல்தான் பயம் என்றார். இவருடைய தமக்கைக்கு நடந்ததையும் சொன்னார். தானே அதை நம்புவதில்லை, ஆனால் இந்தப் பிள்ளை இன்றைக்குப் பயத்தோடு கையெழுத்து வைக்கக்கூடாது என்றும் சொன்னார். எனக்கு அதற்குப் பிறகு வேறு சோடி இல்லை. வீட்டுக்குப் போகவேண்டும், அவ்வளவுதான்."

"அதை எங்களுக்கே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"உங்கள் முகம் அன்றைக்கு இருந்த கோலத்துக்கா?" என்று சிரித்தார். "சொல்லியிருந்தால் நீங்கள் உங்கள் மனைவியோடு வாதாடியிருப்பீர்கள். வழக்கம் என்று சொன்னால் ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்."

பிறகு என் மனைவியின் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டார். "அந்த நேரம் நல்ல நேரமாகத்தானே இருந்தது?"

எனக்கு வாய் துறுதுறுத்தது. கலண்டர், எட்டுப் பங்கு, நடுவில் இருந்த ராகு எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. இப்படியொரு பகிடியை எப்படி விடுவது? வாயைத் திறந்தேன். சேலைக்குக் கீழேயிருந்து ஒரு கால் வந்து என் சப்பாத்தை நன்றாக அமத்தியது.

"ஓம்" என்றாள் என் மனைவி தமிழில். பிறகு ஜெர்மனில், "மிகவும் நல்ல நேரம்" என்று சொல்லி அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மதிலோரமாக வீட்டுக்கு நடந்தோம். மகள் மதில் கல்லை விரலால் தொட்டுக்கொண்டு முன்னால் போனாள். எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

"உமக்கு அது தெரியுமோ?"

"குசினிக்குள்ளை தொங்கிற கலண்டரை நான் பாக்கிறேல்லை எண்டு நினைச்சீங்களோ?"

"பிறகேன் காலை மிரிச்சனீர்?"

அவள் நின்றுவிட்டாள்.

"வீட்டை போக வேண்டிய மனுசி, எங்களுக்காண்டிப் போகாமல் நிண்ட நேரமப்பா அது. அதைப் போய் அவவிட்டையே கூடாத நேரம் எண்டு சொல்லப் பாத்தீங்களே."